மட்டக்குளிக்கு இன்னும் நான்கு

மின்விசிறி வந்த பெட்டியைக் கிழித்து
உட்புறத்தில் கொழும்பைக் கீறியிருக்கிறாள் ஜெனிட்டா.
பதினைந்து கட்டங்கள்.
கடிதங்களுக்காக யாரோ எப்போதோ போட்ட எண்கள்
தாயக்கட்டைக்கென்றே போட்டவை போல
வரிசையாய் வந்து உட்கார்ந்துவிட்டன.
ஒன்று கோட்டை, இரண்டு கொம்பனித் தெரு,
அப்படியே கடலோரமாக இறங்கி
ஆறில் வெள்ளவத்தை,
பிறகு உள்ளே திரும்பி, மேலே ஏறி
பதினைந்தில் எங்கள் மாடிவீடு.
தெஹிவளைக்கு எண் இல்லை.
அங்கே குடியிருக்கும் சித்தி
ஆட்டத்திலேயே இல்லை.

அனுஷுக்குச் சோடா மூடி. இவருக்குப் பழைய சாவி.
எனக்குப் புளியங்கொட்டை.
நாலாம் மாடி ஃபரீனாவுக்கு
அவள் சட்டையிலிருந்தே கழன்ற ஒரு பித்தான்.

"ஐந்திலிருந்து ஆறுக்கு ஒரே உருட்டலா?
பள்ளிக்கூடம் விடுற நேரம்
ஹவ்லொக் வீதிக்கு வந்து பார்!"
பதினேழு வருடம் த்ரீவீல் ஓட்டிய கோபம்.
சுவர்க்கடிகாரத்தில் ஒன்றரை.
சரி, ஐந்தில் நிற்பவர் ஒரு முறை சும்மா இருக்க வேண்டும்
என்று எழுதினாள்.
சட்டம் போட்ட கையோடு
இவருடைய சாவிதான் போய் ஐந்தில் விழுந்தது.

ஒன்றுக்கும் பதினொன்றுக்கும் இடையில்
ஏன் பத்து வீடு தள்ளியிருக்கு,
கோட்டை ஸ்டேஷனில் இறங்கி
புறக்கோட்டைக்கு நாங்கள் நடந்தல்லவா போவோம்
என்றான் அனுஷ்.
அதனால் அங்கே ஓர் ஏணி முளைத்தது.
ஏழில் வருகிறவர் குசுகுசுவென்றுதான் பேசலாம்,
மரங்களும் தூதரகங்களும் தூங்குகின்றன.
பன்னிரண்டில் நீதிமன்றம்:
தவணை போட்டாச்சு, அடுத்த மாதம் வா.

பதின்மூன்றுக்கு நான் ஒரு சட்டம் சொன்னேன்.
அடையாள அட்டை காட்டு,
இல்லாவிட்டால் இறங்கி ஓரமாய் நில்.
"ஏன் அம்மா?"
"சும்மா."
இவர் குனிந்து
கீழே விழாத எதையோ தேடினார்.
மூடி பதின்மூன்றுக்கு வந்தபோது அனுஷ்
கழுத்திலிருந்த நூலக அட்டையை உருவி
என் மூக்குக்கு நேரே நீட்டினான்,
பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.
இப்படிச் சிரித்துக்கொண்டு ஒருவர்
அந்தச் சந்தியைக் கடந்து
நான் பார்த்ததில்லை.
போ மகனே, போ.

ஃபரீனாவுக்கு முதல் உருட்டலில் இரண்டு விழுந்தது.
அதன்பின் தாயக்கட்டையை அவள் தொடவில்லை.
"உங்கட முறை அன்ட்டி."
"நீங்க போங்க. நான் இங்கயே ஈக்கிறேன்."
"அங்கேயே நின்றால் வெல்ல ஏலாது."
"தெரியும் மகள்."
ஜெனிட்டா பென்சிலால் கீறிய அந்தக் கட்டத்தில்
ஒரு வாவி இல்லை, வாவிக்கரையில்
சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் இல்லை,
ஒரு மாலையில் வந்து நின்ற
மஞ்சள் இயந்திரமும் இல்லை.
சாவியைக் கையில் ஒப்படைத்து
பதினைந்துக்கு அனுப்பினார்கள் அவளை,
லிஃப்ட் உள்ள வீடு என்று.
லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது.

கடைசியில் அனுஷுக்கு நான்கு வேண்டியிருந்தது.
நான்கே விழுந்தது.
"பதினைந்து! மட்டக்குளி! வெற்றி!"
என்று கட்டிலில் ஏறிக் குதித்தான்.
மட்டக்குளி என்றதும்
வேறு சவாரி பார்த்துக்கொள்ளச் சொல்லும் ஓட்டுநர்கள்
எத்தனை பேர் என்று இவருக்குத் தெரியும்.
இவரே இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்.
"வென்றவனுக்கு என்ன தருவீங்க?"
யோசித்தோம்.
இங்கேயே இருக்கலாம் என்றோம்.
அது போதாதென்று
ஒரு மாலு பாண் கேட்டான்.

ஜன்னல் வழியே களனி ஆற்றின் வாடை.
ஃபரீனா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள்.
பித்தானை எடுத்துக் கொடுக்கப் போனேன்.
"கிடக்கட்டும்" என்றாள்.

பெட்டியை நான் மடிக்கவில்லை.
விரித்தபடியே கட்டிலுக்கடியில்
மெதுவாகத் தள்ளினேன்,
இரண்டாம் எண் அசையாமல்.